என் தம்பியின் மருத்துவக் கோப்பினை மீண்டும் திறந்து பாருங்கள்: இராணுவ மருத்துவ வாரியத்துக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு,

என் தம்பி 11 ஆண்டுகளாகப் படையில் இருக்கிறான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவனுக்கு முதல் வகை நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அன்றிலிருந்து நாளுக்கு நான்கு முறை இன்சுலின் போட்டுக்கொள்கிறான். கிடங்குப் பணிக்கு மாற்றினீர்கள், குறையில்லாமல் செய்தான். இப்போது 4,000 மீட்டருக்கு மேலுள்ள காவல்நிலைக்குப் புறப்படும்படி ஆணை வந்திருக்கிறது. மருத்துவத் தாளில் 'தகுதியுடையவர்' என்ற ஒரே சொல். அவனுக்குச் சிகிச்சையளிக்கும் நீரிழிவு மருத்துவரின் குறிப்பு கோப்பில் இருக்கிறது. அதை யாரேனும் படித்ததற்கு அந்தத் தாளில் அடையாளமே இல்லை.

இருப்பில் உள்ள இன்சுலினை 2 முதல் 8 டிகிரி வெப்பத்தில் வைக்க வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் அதை நம்பிப் போட முடியாது. ஒரு குப்பியைச் சட்டைக்குள் உடம்புச் சூட்டில் காப்பாற்றலாம். மாதக்கணக்கில் தேவைப்படுவதை எங்கே வைப்பான்? பனி வழியை அடைத்துவிட்டால் அடுத்த குப்பி எப்படி வந்துசேரும்?

இதைவிட எனக்கு அச்சம் தருவது வேறொன்று. சென்ற விடுப்பில் ஒரு விடியற்காலை, சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தான். விரல்கள் நடுங்கின, பொத்தான் துளைக்குள் போகவில்லை. நெற்றியெல்லாம் வியர்வை. என்ன செய்கிறது என்று கேட்டேன். என்னைப் பார்த்தான், பதில் வரவில்லை. இன்சுலினால் இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது என்று புரிந்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வைத்தேன். கால்மணி நேரம் கழித்துத்தான் 'அக்கா' என்றான்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம். மலையேறிக் களைத்தவனுக்கும் இவை வரும், அஞ்சி நிற்பவனுக்கும் வரும். உயரத்தில் வரும் மலைநோயும் கடுமையானால் சித்தத்தைக் குழப்பும். பக்கத்தில் நிற்கும் வீரன் எதை எதுவென்று பிரித்தறிவான்? அந்த நேரத்தில் என் தம்பியின் விரல் துப்பாக்கி விசையில் இருக்கும். அவனை நம்பி இருப்பவர்களின் உயிரும் இதில் அடங்கியிருக்கிறது.

அவன் கடமைக்குப் பயந்தவன் அல்லன். மேல்முறையீடு செய்யச் சொன்னபோது, "கோழை என்பார்கள், அக்கா" என்றுதான் தயங்கினான். அந்த ஒரு சொல்லுக்கு அஞ்சியே எத்தனை பேர் நோயை மறைத்துக்கொண்டு மூட்டையைத் தூக்குகிறார்களோ! அவனுடைய ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன்.

இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஃபிரெடரிக் பேண்டிங்கும் ஒரு படை மருத்துவர்தான். 1918-இல் போர்முனையில் காயம்பட்டவர். இதைப் படித்த நாளிலிருந்து, உங்களிடமே கேட்டால் புரியும் என்ற நம்பிக்கை எனக்கு.

அவனை நேரில் வரவழைத்துச் சோதியுங்கள். நீரிழிவு மருத்துவர் ஒருவரை உடன் அமர்த்துங்கள். முடிவு எதுவானாலும் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். அதுவரை பயணத்தை நிறுத்திவையுங்கள். வேறு எந்தப் பணியிடம் கொடுத்தாலும் மறுநாளே போய்ச் சேர்ந்துவிடுவான்.

மேல்முறையீட்டு மனு உங்கள் அலுவலகத்துக்கு வந்து 19 நாள்கள் ஆகிவிட்டன. அவன் புறப்பட வேண்டிய நாளுக்கு இன்னும் 12 நாள்களே இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு படைவீரனின் அக்கா