வர்த்தகமும் வளர்ச்சியும்: ஆய்வில் இறங்கியிருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நேற்று ஃபோனில் நீ கேட்டதற்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. "இவ்வளவு கட்டுரை படிச்சும் வர்த்தகம் வளர்ச்சியைக் கொடுக்குதா இல்லையான்னு ஒரு வரியில சொல்ல முடியலையே அம்மா, தலைப்பை மாத்திடவா?" என்றாய். உன் குரலில் இருந்த சோர்வுதான் என்னை எழுத உட்கார வைத்தது. தலைப்பை மாற்றாதே. மாற்ற வேண்டியது கேள்வியை. ஏன் என்று சற்று நீளமாகவே சொல்கிறேன், பொறுமையாகப் படி.

எத்தனையோ வகுப்புகளுக்குப் பொருளியலாளர் டேவிட் ரிக்கார்டோவை நடத்தியவள் நான். 1817-இல் அவர் போட்டுக் காட்டிய கணக்கு எனக்கு இன்றும் பிடிக்கும். குறிப்பிட்ட அளவு துணி நெய்ய இங்கிலாந்தில் 100 பேரின் ஓராண்டு உழைப்பு வேண்டும், போர்ச்சுகலில் 90 போதும். மதுவுக்கு இங்கிலாந்தில் 120, போர்ச்சுகலில் 80. இரண்டிலுமே போர்ச்சுகல்தான் கெட்டி. இருந்தும் அது மதுவையும் இங்கிலாந்து துணியையும் செய்து மாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம். ஆனால் அந்தக் கணக்கில் வருவது ஒரு முறை கிடைக்கும் லாபம். வருமானம் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவதற்கு அதில் விளக்கம் இல்லை. நெசவை விட்ட போர்ச்சுகல்காரர் எந்தச் சேதமும் இல்லாமல் திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போய்விடுவார் என்பதும் அதில் சொல்லாமலே ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒன்று. உன் மேசையில் குவிந்திருக்கும் கட்டுரைகளில் பாதிக்கு மேல் இந்த இரண்டு இடைவெளிகளைப் பற்றியவைதான். அப்படிப் பிரித்துப் படித்தால் குழப்பம் நிறையவே குறையும்.

முதலில் நீ சொன்ன ஃபிராங்கல், ரோமர் கட்டுரைக்கு வருகிறேன். அதிகம் வர்த்தகம் செய்யும் நாடுகள் பணக்கார நாடுகளாகவும் இருக்கின்றன. சரி, வர்த்தகத்தால் பணம் வந்ததா, பணம் இருந்ததால் துறைமுகமும் சாலையும் வந்து வர்த்தகம் பெருகியதா? இதைப் பிரிக்க 1999-இல் அவர்கள் புவியியலைப் பிடித்தார்கள். ஒரு நாடு மற்ற நாடுகளிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு பெரியது, கடற்கரை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் வருமானத்தால் மாறுவதில்லை. அவற்றை மட்டும் வைத்து ஒவ்வொரு நாடும் எவ்வளவு வர்த்தகம் செய்யும் என்று கணித்து, அந்தக் கணிப்பு வருமானத்தோடு எப்படிப் பொருந்துகிறது என்று பார்த்தார்கள். ஜிடிபியில் வர்த்தகத்தின் பங்கு ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தால் தனிநபர் வருமானம் குறைந்தபட்சம் அரை சதவீதம் உயர்கிறது என்று வந்தது.

அடுத்த ஆண்டே ரோட்ரிகஸும் ரோட்ரிக்கும் அதைத் திருப்பிப் பார்த்தார்கள். நிலநடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்ற ஒரே ஒரு மாறியைச் சேர்த்ததும் அந்த முடிவு நிற்கவில்லை. கோட்டுக்கு அருகில் உள்ள நாடுகளுக்கு நோய், மண், காலனி ஆட்சி விட்டுப்போன அமைப்புகள் என்று வேறு பல சுமைகள் உண்டு. வர்த்தகத்தின் பெயரில் அவைதான் உள்ளே வந்துகொண்டிருந்தன என்பது அவர்கள் வாதம். 1995-இல் சாக்ஸும் வார்னரும் ஐந்து அளவுகோல்களை வைத்து நாடுகளைத் திறந்தவை, மூடியவை என்று பிரித்திருந்தார்கள் அல்லவா, அதையும் இவர்கள் விடவில்லை. அதன் பலமெல்லாம் அந்நியச் செலாவணியின் கள்ளச்சந்தை விலையிலிருந்தும் ஏற்றுமதியில் அரசின் ஏகபோகத்திலிருந்தும் வருகிறது, இறக்குமதி வரிக்கு அதில் பெரிய பங்கே இல்லை என்று பிரித்துக் காட்டினார்கள். நீ இந்த இடத்தில்தான் சோர்ந்துபோனாய். எனக்கு இந்தத் துறைமேல் மரியாதை வந்ததும் இதே இடத்தில்தான். அந்த விமர்சனத்துக்குப் பிறகு, நூறு நாடுகளை ஒரே வருடத்தில் வரிசையாக நிறுத்தி ஒப்பிடுவதில் பலருக்கு நம்பிக்கை குறைந்தது. ஒரே இடத்தில் ஏதோ ஒன்று திடீரென மாறிய தருணங்களைத் தேட ஆரம்பித்தார்கள்.

அப்படிக் கிடைத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது எகிப்தின் சூயஸ் கால்வாய். 1967 ஜூன் 5-இல் அரபு-இஸ்ரேல் போர் தொடங்கிக் கால்வாய் மூடப்பட்டது. திரும்பத் திறந்தது 1975 ஜூன் 5. உள்ளே மாட்டிக்கொண்ட 15 கப்பல்கள் எட்டு ஆண்டுகள் அங்கேயே நின்றன. மும்பையிலிருந்து லண்டன் போக 6,000 கடல் மைலுக்குச் சற்று மேல் இருந்த வழி, ஆப்பிரிக்காவைச் சுற்றி 10,000-க்கும் மேல் ஆனது. அமெரிக்காவுக்கும் ஜப்பானுக்கும் இடையே எதுவும் மாறவில்லை. ஜேம்ஸ் ஃபெய்ரர் இந்த வித்தியாசத்தைத்தான் பிடித்துக்கொண்டார். சண்டையில் சம்பந்தமே இல்லாத நாடுகளுக்கு, அவர்கள் எதுவும் செய்யாமலே, தூரம் கூடியது. எட்டு ஆண்டு கழித்துக் குறைந்தது. நிலநடுக்கோட்டுத் தூரம் 1967-இல் மாறவில்லை, மண் மாறவில்லை, காலனி வரலாறும் மாறவில்லை. ஆகவே அந்தப் பழைய எதிர்வாதம் இங்கே செல்லாது. இந்தத் தூரத்தால் வர்த்தகம் குறைந்தது, வருமானமும் குறைந்தது. இன்னொன்றையும் கவனி: கடல் வழி நீண்டதால் பாதிக்கப்பட்டது சரக்கு மட்டும்தான். சுற்றுலா, முதலீடு, விமானத்தில் வரும் நிபுணர் என்று வேறு வழிகள் கலக்கவில்லை. சரக்குப் போக்குவரத்துக்கு மட்டுமே இவ்வளவு விளைவு உண்டு என்று தனியே காட்ட முடிந்தது. தூரம் வர்த்தகத்தைக் குறைக்கும் வேகமும் வழக்கமான மதிப்பீடுகளில் சொல்வதில் பாதி அளவுதான் என்று தெரிந்தது. நாடுகளுக்கு இடையே மொழியும் பழக்கமும் வேறுபடுவதால் வரும் குறைவையும் சேர்த்து நாம் தூரத்தின் கணக்கில் எழுதிக்கொண்டிருந்தோம் போல.

டேவ் டொனால்ட்சன் பிரிட்டிஷ் இந்தியாவின் ரயில்வே பற்றி எழுதியதை நீ இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்றாய். அதை உப்புக்காகவே படி. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சரக்கு கொண்டுபோக உண்மையில் என்ன செலவாயிற்று என்பது பழைய ஆவணங்களில் நேராகக் கிடைக்காது. உப்போ சில குறிப்பிட்ட இடங்களில் மட்டுமே தயாரானது; எந்த இடத்து உப்பு என்ற அடையாளத்தோடே விற்கவும் பட்டது. அப்படியானால் விளைந்த இடத்து விலைக்கும் விற்ற இடத்து விலைக்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய போக்குவரத்துச் செலவுதான். இந்த யோசனையை முதலில் படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது எனக்கு. ரயில் வந்த மாவட்டத்தில் உண்மை விவசாய வருமானம் சுமார் 16 சதவீதம் உயர்ந்தது என்பது அவர் முடிவு. திட்டம் போட்டும் கட்டாமல் விட்ட பாதைகளை எடுத்து அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார். அங்கே உயர்வு இல்லை. ஆனால் அந்த 16-ஐ ஒரு நாட்டின் நலனுக்கான மதிப்பெண்ணாக எழுதிவிடாதே. மாவட்டத்தின் மொத்த விவசாய வருமானம் அது. குத்தகைக்காரர் கைக்கு எவ்வளவு போயிற்று என்று அது சொல்லாது. நீராவிக் கப்பலைப் பற்றி லூய்ஜி பாஸ்காலி 2017-இல் எழுதியதையும் பக்கத்தில் வைத்துப் படி. பாய்மரக் கப்பல் காற்றை நம்பியது, நீராவிக் கப்பலுக்கு அது வேண்டாம். அதனால் சில நாடுகளுக்கு இடையே பயண நேரம் மிகவும் குறைந்தது, சிலவற்றுக்கு அவ்வளவாக இல்லை. அந்த வர்த்தகப் பெருக்கத்தால் வளர்ச்சி பெற்றது நல்ல ஆட்சி அமைப்புகள் இருந்த சில நாடுகள் மட்டும்தான் என்று அவர் கண்டார். தூரம் குறைந்தால் எங்கும் ஒரே பலன்தான் என்று எழுத வருகிறவர்களிடம் இதைக் காட்டலாம்.

இனி ரிக்கார்டோவின் இரண்டாவது இடைவெளி, அந்த நெசவாளர். இதில் நீ எவ்வளவு நேரம் செலவிட்டாலும் எனக்குச் சந்தோஷமே.

இந்தியா 1991 நெருக்கடியில் இறக்குமதி வரிகளை வேகமாகக் குறைத்தது. 1990-இல் சராசரி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 1996-இல் 37-க்கு வந்துவிட்டது. பெட்டியா தோபலோவா மாவட்டம் மாவட்டமாகப் பார்த்தார். வரிக்குறைப்புக்கு அதிகம் ஆளான தொழில்கள் எந்தக் கிராமப்புற மாவட்டங்களில் குவிந்திருந்தனவோ, அங்கே வறுமை மற்ற இடங்களைவிட மெதுவாகக் குறைந்தது. மக்கள் அங்கிருந்து பெயர்ந்து வேறு இடத்துக்கோ வேறு தொழிலுக்கோ அதிகம் போகவில்லை. இதை வைத்து "தாராளமயம் இந்தியாவில் வறுமையைக் கூட்டியது" என்று எழுதுகிறவர்கள் உண்டு. அந்த ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. மாவட்டத்தோடு மாவட்டத்தை ஒப்பிடும் முறையால் யார் பின்தங்கினார்கள் என்று சொல்ல முடியும். நாடு முழுவதற்கும் ஏற்பட்ட பொதுவான உயர்வோ தாழ்வோ அந்த ஒப்பீட்டில் கழிந்துபோய்விடும். உன் ஆய்வேட்டில் இந்த வரம்பை வெளிப்படையாக எழுதிவிடு. பரிசோதகர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

அதே வரிக்குறைப்பை கோல்ட்பர்க், கண்டேல்வால், பாவ்ச்னிக், தோபலோவா நால்வரும் தொழிற்சாலைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். மூலப்பொருள்களும் உதிரி பாகங்களும் மலிவாகவும் புதிய வகைகளிலும் கிடைத்ததால், உள்நாட்டு நிறுவனங்கள் அறிமுகப்படுத்திய புதிய பொருள்களில் சராசரியாக 31 சதவீதத்துக்கு அதுவே காரணம் என்று 2010-இல் காட்டினார்கள். ஒரே சீர்திருத்தம்தான். ஒரு மாவட்டத்துக் கூலிக்காரர் பின்தங்குகிறார், இன்னோர் இடத்துத் தொழிற்சாலை இதுவரை செய்யாத பொருளைச் செய்யத் தொடங்குகிறது. இரண்டும் உண்மை. இதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு பேசுகிறவர் எந்தக் கட்சிக்காரராக இருந்தாலும் எனக்கு வருத்தம்தான், ஏனென்றால் வரியை எப்போது, எந்த வரிசையில், யாருக்கு என்ன துணை கொடுத்து மாற்றுவது என்ற முடிவுக்கு இரண்டுமே வேண்டும். அமெரிக்காவில் 1990 முதல் 2007 வரை உற்பத்தித் துறை வேலைகள் குறைந்ததில் கால் பங்குக்குச் சீன இறக்குமதி காரணம் என்று ஆட்டர், டோர்ன், ஹான்சன் மூவரும் 2013-இல் காட்டினார்கள். அங்கேயும் வேலை போனவர்கள் பாடநூல் சொன்னபடி இடம் பெயரவில்லை. அவ்வளவு பணக்கார நாட்டிலேயே அப்படி என்றால் மற்ற இடங்களைப் பற்றி யோசித்துக்கொள்.

அப்புறம் அளவு. "லாபம் இவ்வளவு சின்னதா?" என்று நீ கேட்டாயே, அர்க்கோலாக்கிஸ், கோஸ்டினோ, ரோட்ரிகஸ்-கிளேர் கட்டுரையைப் பார்த்து. வர்த்தகமே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் அமெரிக்காவுக்கு வருமானத்தில் 0.7 முதல் 1.4 சதவீதம்தான் லாபம் என்று அதில் வருகிறது. வரலாற்றில் நடந்தவற்றைப் பார்த்தால் கொஞ்சம் பெரிதாகத் தெரியும். 1807 முதல் 1809 வரை அதிபர் ஜெஃபர்சன் கொண்டுவந்த வர்த்தகத் தடையால் அமெரிக்கா இழந்தது தேசிய உற்பத்தியில் சுமார் 5 சதவீதம் என்பது டக்ளஸ் இர்வின் கணக்கு. ஜப்பான் 1859-இல் துறைமுகங்களைத் திறந்தபோது கிடைத்த லாபம் அதிகபட்சம் 8, 9 சதவீதம் என்று பெர்ன்ஹோஃபனும் பிரௌனும் சொல்கிறார்கள். இவை எல்லாம் ஒரு முறை கிடைக்கும் லாபம்.

வளர்ச்சி விகிதமே மாறுகிறது என்றால் கணக்கு வேறு. வாட்சியார்கும் வெல்ச்சும் 1950 முதல் 1998 வரை பார்த்தார்கள். வர்த்தகத்தைத் திறந்துவிட்ட நாடுகளின் வளர்ச்சி, திறப்பதற்கு முன் இருந்ததைவிட ஆண்டுக்குச் சுமார் 1.5 சதவீதப் புள்ளி கூடியது. கேட்கச் சின்னதாக இருக்கும். 20 ஆண்டு தொடர்ந்தால் வருமானம் ஏறக்குறைய 35 சதவீதம் கூடுதலாக இருக்கும். ஆனால் நாடுகள் வர்த்தகத்தைத் தனியாகத் திறப்பதில்லை; நாணயக் கொள்கை, தனியார்மயம் எல்லாம் சேர்ந்தே வரும். அதனால் அந்த 1.5-ஐ முழுதாக வர்த்தகத்தின் கணக்கில் எழுத நான் துணியமாட்டேன், நீயும் எழுதாதே.

ஆக, ஒரு முறை லாபம் எப்படித் தொடர் வளர்ச்சியாக மாறுகிறது? நீ இறங்க வேண்டிய கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். எகிப்தில் கம்பளம் நெய்யும் சின்ன நிறுவனங்களில் அட்கின், கண்டேல்வால், ஒஸ்மான் செய்த சோதனையைப் பார். குலுக்கல் முறையில் சிலருக்கு மட்டும் வெளிநாட்டு ஆர்டர் கிடைக்க வழி செய்தார்கள். அவர்கள் லாபம் 16 முதல் 26 சதவீதம் உயர்ந்தது. அதோடு நிற்கவில்லை. ஆர்டர் கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள் எல்லோரையும் ஒரே இடத்துக்கு அழைத்து, ஒரே நூல், ஒரே தறி கொடுத்து, ஒரே கம்பளத்தை நெய்யச் சொன்னார்கள். ஏற்றுமதி செய்தவர்கள் நெய்தது தரமாக இருந்தது. வாங்குகிறவர் சொன்ன குறைகளைத் திருத்தித் திருத்திக் கை தேர்ந்திருந்தது. விலை கூடியதால் வந்த லாபத்தையும் கற்றதால் வந்த திறமையையும் இவ்வளவு தெளிவாகப் பிரித்துக் காட்டிய ஆய்வுகள் மிகக் குறைவு.

அங்கிருந்து உனக்கு ஒரு வழி தெரிகிறது கண்ணு. அப்படிக் கற்றது அந்தத் தறியோடு நின்றுவிடுகிறதா, பக்கத்துத் தறிக்கும் போகிறதா? நின்றுவிட்டால் அது லாபம், பரவினால் வளர்ச்சி. நிறுவன அளவில் ஏற்றுமதித் தரவும் தொழிலாளர் ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும் தரவும் சேர்ந்து கிடைக்கும் நாடு எது என்று முதலில் பார். தேர்ந்த தொழிலாளி வேலை மாறும்போது புது இடத்தில் தரம் உயர்கிறதா என்று தேடிப் போகலாம். அதே தரவில், வேலை இழந்தவர்கள் எங்கே போனார்கள் என்பதையும் கட்டாயம் ஒரு அத்தியாயமாக வை. தனி ஆய்வாக ஒத்திப்போடாதே; ஒத்திப்போட்டால் யாரும் எழுதமாட்டார்கள்.

உன் வழிகாட்டியிடம் இதைப் பேசிவிட்டு, ஒரு பக்கத்தில் கேள்வியை மட்டும் எழுதி அனுப்பு. வரைபடமும் அட்டவணையும் இப்போதைக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா