ராத்திரி டூட்டியிலும் ஒத்திகை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலூரில் 30 வருடம் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மருத்துவமனைகளில் நடக்கும் பேரிடர் பயிற்சிக்கு நாலைந்து முறை போயிருக்கிறேன். அது வீண் என்று சொல்ல மாட்டேன். நடக்க முடிந்தவருக்குப் பச்சை அட்டை, கொஞ்சம் காத்திருக்கக்கூடியவருக்கு மஞ்சள், நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினால் உடனே கவனிக்க வேண்டிய சிவப்பு என்று அங்கே படித்ததுதான், நெடுஞ்சாலை விபத்தில் அடிபட்டவர்களைக் கூட்டமாகக் கொண்டுவந்த அன்று கைகொடுத்தது. கத்துகிறவரிடம் ஓடாமல், சத்தமே இல்லாமல் கிடந்தவரிடம் முதலில் போனேன்.

ஆனால் 2021 நவம்பர் மழையை மறக்க முடியவில்லை. பாலாறு கரை புரண்டு ஓடியது. பேரணாம்பட்டில் வீடு இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்ததும் அந்த மழையில்தான். அப்போது ஒரு ராத்திரி எங்கள் வார்டில் கரண்ட் போனது, ஜெனரேட்டரும் கிளம்பவில்லை. ஒரு பாட்டிக்கு வைத்திருந்த ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் (காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் கரண்ட் மெஷின்) நின்றுவிட்டது. மூலையில் சிலிண்டர் நிறைய ஆக்சிஜன் இருக்கிறது, திறக்கிற சாவி இல்லை. பகல் டூட்டி சிஸ்டர் ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டுப் போயிருந்தார். பாட்டியின் உதடு நீலம் பாய ஆரம்பித்துவிட்டது. செல்போன் வெளிச்சத்தில் நானும் ஆயாம்மாவும் தவித்துக்கொண்டிருந்தபோது, வாசலில் இருந்த காவலாளி அண்ணன் தன் வண்டியிலிருந்து ஸ்பேனரைக் கொண்டுவந்து திருகித் திறந்தார். பாட்டி பிழைத்தார்.

அந்த அண்ணனையோ ஆயாம்மாவையோ, நான் ஓய்வு பெறும்வரை ஒரு பயிற்சிக்கும் கூப்பிடவில்லை. ஒப்பந்தப் பணியாளர்களாம். பயிற்சி நடப்பது காலை பதினோரு மணிக்கு, முன்கூட்டியே சொல்லிவிட்டு. டாக்டர்கள் எல்லாரும் இருப்பார்கள், லிஃப்ட் ஓடும், விளக்கு எரியும். சிவப்பு மை பூசிய நர்சிங் மாணவிகள் ஸ்ட்ரெச்சரில் சிரிப்பை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்கள். கொல்கத்தா ஏஎம்ஆர்ஐ மருத்துவமனையில் 2011 டிசம்பரில் தீப்பிடித்தது பொழுது விடியும் முன்னால். சுமார் 90 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் புகையில் மூச்சுத் திணறி. அந்த நேரத்தில் எந்த வார்டிலும் இருப்பது ஒரு செவிலியரும் ஓர் ஆயாவும்தான்.

தேசியப் பேரிடர் மீட்புப் படையின் பட்டாலியன் பக்கத்து அரக்கோணத்திலேயே இருக்கிறது. அவர்களை அழைத்துச் சொல்லித்தரச் செய்யலாம். அதோடு வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன், ஒவ்வொரு மருத்துவமனையும் ஒரு ராத்திரி, யாருக்கும் சொல்லாமல், நோயாளிகளுக்கு ஆபத்தில்லாத ஒரு வார்டில் மெயினை அணைத்து ஒத்திகை பார்க்கட்டும். சிலிண்டர் சாவியைச் சிலிண்டரிலேயே சங்கிலி போட்டுக் கட்டிவையுங்கள். அதற்குச் செலவும் கிடையாது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
காட்பாடி