நரி முகத்தில் முழித்த கதை

அன்புள்ள பாப்பா,

நேற்று நீ போனில் சைக்கிள் பிராக்டிஸ் பற்றிக் கேட்டபோது, "நல்லாத்தான் போகுது" என்று முடித்துக்கொண்டேன். பக்கத்தில் அம்மா இருந்தாள். மீதியை இதில் எழுதுகிறேன். படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

கத்திரி வெயிலில் பகலில் சைக்கிளைத் தொட முடியவில்லை. அதனால் விடியற்காலை 3 மணிக்கே கடலூர் மஞ்சக்குப்பத்தில் கிளம்பி, ரெட்டிச்சாவடி, முள்ளோடை தாண்டி, கன்னியக்கோவிலில் திரும்பி, பாகூர் ஏரி வரை போய் வருகிறேன். தனியாகப் போகக் கூடாது என்று நீ சொன்னது ஞாபகம் இருக்கிறது. கூட வருவதாகச் சொன்ன இரண்டு பேரும் மூன்றாம் நாளே போர்வைக்குள் போய்விட்டார்கள். நான் என்ன செய்ய? ஜூலையில் நிதி திரட்டுகிற சைக்கிள் பயணத்தில் 100 கிலோமீட்டர் மிதித்தாக வேண்டும். டயாலிசிஸுக்கு வழியில்லாதவர்களுக்குப் போகிற பணம். கிலோமீட்டருக்கு 50 ரூபாய் தருகிறேன் என்று நீ வேறு வாக்குக் கொடுத்திருக்கிறாய்.

போன செவ்வாய்க்கிழமை, பாகூர் ரோடு. லைட் வெளிச்சத்தில் தரையோடு தரையாக ஒரு சிவப்புப் புள்ளி. யாரோ போட்டுவிட்டுப் போன பீடி என்று நினைத்து நேராக ஓட்டினேன். சக்கரம் கிட்டே போனதும் பீடி சிறகடித்து எழுந்து மூக்கை உரசிக்கொண்டு பறந்தது. பதறி முன் பிரேக்கைப் பிடித்தேன். அப்புறம் என்ன, முழங்கையில் சிராய்ப்பு. அது பக்கி, ராத்திரியில் பறக்கிற பறவை. லைட் பட்டு அதன் கண்தான் சிவப்பாக மின்னியிருக்கிறது. பகல் சூடு ராத்திரியும் தாரில் தங்கியிருக்குமாம், அதற்காக வந்து ரோட்டில் உட்காரும். சின்ன வயதில் உன்னைத் திட்டுவேனே, அதே பக்கிதான். பாம்பும் அந்தச் சூட்டைத் தேடி வரும் என்பதால், இறங்குகிற இடத்தில் இப்போது தரையைப் பார்த்துத்தான் காலை வைக்கிறேன்.

கழன்ற செயினை மாட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போயிருப்பேன். கரும்புத் தோட்டத்து ஓரத்தில் இரண்டு கண்கள் மின்னின. நாய்தான், குரைக்கப் போகிறது என்று மிதிப்பதை நிறுத்தினேன். குரைக்கவில்லை. பத்தடி தூரம்கூட இருக்காது. ஒல்லிக் கால், கீழே தொங்குகிற புசுபுசு வால், வால் நுனியில் கறுப்பு. வாயில் எலி. எலியின் வால் மட்டும் வாயோரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. என் பின்சக்கரம் டிக் டிக்கென்று சுற்றியது. அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு காது திரும்பியது. சக்கரம் நின்றதும் காதும் பழைய இடத்துக்குப் போனது.

நரி, பாப்பா!

லைட்டைக் கையால் மூடினேன். கரும்புக்குள்ளிருந்து இன்னொன்று வந்து சேர்ந்தது. இரண்டும் ரோட்டைக் கடந்து வாய்க்கால் கரையில் இறங்கின. அவசரமே இல்லை, வழியில் நின்றவன் நான்தானே. பாகூரில் பாட்டி வீட்டுத் திண்ணையில் படுத்துக்கொண்டு நரி ஊளையைக் கேட்டிருக்கிறேன். வடை சுட்ட பாட்டி கதையை உனக்கு நூறு தடவை சொல்லியிருப்பேன். முகத்தைப் பார்க்க எனக்கு 57 வயதாக வேண்டியிருந்தது.

நல்லது நடந்தால் 'நரி முகத்தில் முழிச்சியா' என்று கேட்போமே, அதற்காகவே சேலம் வாழப்பாடிப் பக்கம் பொங்கலுக்கு வங்காநரி என்கிற குள்ளநரியைப் பிடித்து ஊருக்குள் கொண்டுவருவார்கள். வனத்துறை அபராதம் போட்டாலும் விடுவதில்லை. பாவம் அது. எனக்கு எந்த வலையும் இல்லாமலே தரிசனம் கிடைத்தது. ஆனால் அதற்கு முன்பே முழங்கை போய்விட்டதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது?

இடத்தை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் மறுநாளே நாலு பேர் செல்போனோடு வந்து நிற்பார்கள். உனக்கு மட்டும், ஊருக்கு வரும்போது காட்டுகிறேன். 3 மணிக்கு எழுந்திருப்பாயா என்பதுதான் சந்தேகம்.

அடுத்த தடவை பேசும்போது முழங்கையைப் பற்றி வாயைத் திறக்காதே. பாத்ரூம் கதவு இடித்தது என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். அவளும் தச்சரை வரச் சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
அப்பா