வெள்ளிப் பதக்கம் சரி, வெண்கலப் பதக்கம் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு உங்கள் பத்திரிகையில் பேர்சி ஜிரோவார்ட் என்ற இராணுவப் பொறியியலாளரைப் பற்றியும் அவர் வாங்கிய பதக்கங்களைப் பற்றியும் வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். நான் புகையிரதத் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். கோச்சி, அதாவது ரயில், பற்றி எதில் எழுதியிருந்தாலும் விடமாட்டேன், வடை சுற்றி வந்த கடதாசியாக இருந்தாலும் சரி.

கட்டுரையில் பிழை ஒன்றும் இல்லை. கனடாவில் பிறந்து, கிங்ஸ்ரன் இராணுவக் கல்லூரியில் படித்து, கனேடிய பசிபிக் ரயிலில் தொழில் பழகி, 1888இல் பிரிட்டிஷ் இராணுவத்தின் றோயல் எஞ்சினியர்ஸ் படையில் சேர்ந்த மனிதர். 1897 முதலாம் மாதம் சூடானின் வாடி ஹல்பாவில் தொடங்கி, பத்தாம் மாதக் கடைசியில் அபு ஹமெட் வரை கிட்டத்தட்ட 370 கிலோமீற்றர், பச்சை என்று சொல்ல ஒரு செடி இல்லாத மணலில் தண்டவாளம் போட்டு முடித்தார். அப்போது வயது முப்பது. இது நடக்காத காரியம் என்று பெரிய நிபுணர்கள் கையை விரித்திருந்தார்கள். வழியில் இரண்டு இடத்தில் கிணறு தோண்டத் தண்ணீர் கிடைத்தது, அந்த அதிர்ஷ்டம் இல்லையென்றால் என்ன ஆகியிருக்குமோ. இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே மூன்றரை அடி என்று அவர் போட்ட பாதை அளவுதான் சூடானில் இன்றும் இருக்கிறது. தொழில் தெரிந்தவன் என்ற முறையில் அந்த மனிதருக்கு நான் தொப்பியைக் கழற்றுவேன், அதில் எனக்குப் பிணக்கு இல்லை.

ஆனால் அந்தப் பாதை எதற்குப் போடப்பட்டது என்பதைக் கட்டுரை ஒரு வரியில் தாண்டிவிட்டது. பிரிட்டிஷ் தளபதி கிச்சனரின் படையையும் பீரங்கியையும் கொண்டுபோய் இறக்கத்தான். 1898 செப்ரெம்பர் 2ஆம் திகதி ஒம்டுர்மானில் ஒரு காலைப் பொழுதில் சூடான்காரர் பத்தாயிரம் பேருக்கு மேல் செத்தார்கள், எதிர்ப்பக்கத்தில் ஐம்பது பேர் அளவில்தான். மகாராணியின் சூடான் பதக்கம் அந்தப் படையெடுப்புக்கு அடித்தது. அதன் நாடாவில் பாதி மஞ்சள், பாதி கறுப்பு, நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு. மஞ்சள் பாலைவனம், கறுப்பு சூடான் மக்கள், சிவப்பு பிரிட்டிஷ் படை என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். ஒரு விரல் அகல நாடாவில் முழுக் கதையும் இருக்கிறது, அதைக் கட்டுரையாளர் ஏன் விட்டாரோ தெரியவில்லை.

அடுத்தது போயர் போர், தென்னாபிரிக்காவில் குடியேறியிருந்த டச்சு வழி வந்த போயர்களோடு பிரிட்டிஷார் நடத்தியது. 1899இல் தென்னாபிரிக்க ரயில்களை நடத்தும் பொறுப்பு ஜிரோவார்ட்டின் கைக்குப் போனது, 1900இல் சேர் பட்டமும் வந்தது. அந்தப் போரில் பிடிபட்ட போயர்கள் ஏறக்குறைய ஐயாயிரம் பேரை இலங்கைக்குக் கப்பலில் ஏற்றி வந்து, இங்கிருந்த ரயிலில் தியத்தலாவைக்குக் கொண்டுபோய் முள்ளுக்கம்பிக்குள் வைத்தார்கள். அந்தப் போருக்காகக் கொடுத்த மகாராணியின் தென்னாபிரிக்கப் பதக்கம் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் வெள்ளி. இந்தியாவிலிருந்து கூலிகளாகவும் வேலைக்காரர்களாகவும் கூட்டிப்போனவர்களுக்கு அதே பதக்கம் வெண்கலத்தில். முகம் அதே ராணி முகம்தான், உலோகம் வேறு! இதைத்தான் உங்கள் கட்டுரையில் தேடினேன். (காந்தியும் அதே போரில் காயம்பட்டவர்களைத் தூக்கிய படைக்காக ஒரு பதக்கம் வாங்கியவர், 1920இல் மற்றப் பதக்கங்களோடு அதையும் வைஸ்ராய்க்கே திருப்பி அனுப்பிவிட்டார்.)

இனி நம்ம ஊர்க் கதை. மட்டக்களப்புக்கு ரயில் வந்தது 1928இல். மாகோவிலிருந்து கல்லோயா, பொலன்னறுவை, மன்னம்பிட்டி, வெலிகந்தை, புனானை என்று காட்டைக் கிழித்து வந்த பாதை. என் அம்மப்பா பொடியனாக இருந்தபோது புனானைப் பக்கம் தண்டவாளத்துக்கு மண் அணை கட்டக் கூடை சுமந்தவர். யானைக்குப் பயந்து இரவில் நெருப்பு வளர்த்துப் படுத்ததையும், குளிர்காய்ச்சலில் ஒரு கொட்டிலில் இருந்த நாலு பேரில் இரண்டு பேர் போனதையும் ஏதோ சந்தைக்குப் போய்வந்த கதை மாதிரிச் சொல்லுவார். பதக்கம் கிடக்கட்டும், அந்த இரண்டு பேரின் பெயரைக்கூட நான் கேட்டு வைக்கவில்லை. கேட்கும் புத்தி வந்தபோது அவர் இல்லை.

அதே புனானையில் 1924இல் ஆட்களைத் தின்ற சிறுத்தை ஒன்று இருந்தது, எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இப்போதும் தெரிந்த கதை. குறைந்தது பன்னிரண்டு பேரைக் கொன்றது. சுட்டவர் கப்டன் ஷெல்டன் ஆகர் என்று தெரியும், சிறுத்தையையும் பாடம் பண்ணிக் கொழும்பு நூதனசாலையில் வைத்திருக்கிறார்கள், நானே போய்ப் பார்த்தேன். செத்த பன்னிரண்டு பேரின் பெயர் உங்களில் யாருக்காவது தெரியுமா? அப்படித்தான் இதுவும். கண்டி வீதி போட்ட கப்டன் டோசனுக்குக் கடுகண்ணாவையில் ஒரு கோபுரமே நிற்கிறது, கல் உடைத்தவனுக்கு என்ன நிற்கிறது?

அம்பாறை மாவட்டத்துக்கு இன்றுவரை பயணிகள் ரயில் கிடையாது, கல்முனைக்காரரும் பொத்துவில்காரரும் மட்டக்களப்புக்கு பஸ்ஸில் வந்துதான் கோச்சி ஏற வேண்டும். அது வேறு வழக்கு, இன்னொரு கடிதத்தில் சண்டை பிடிக்கிறேன்.

இப்போது நான் கேட்பது சின்ன விஷயம். ஜிரோவார்ட்டுக்கு அரைப் பக்கம் கொடுத்தீர்கள், நல்லது. ஞாயிறு இதழில் ஒரு கால் பக்கம் ஒதுக்கி, மட்டக்களப்புப் பாதையில் மண் சுமந்த, தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டை தூக்கிய, பிறகு வெயிலிலும் வெள்ளத்திலும் அதைப் பார்த்துத் திரிந்த ஆட்களின் பெயர், ஊர், படம் இருந்தால் படம், வாசகர்களிடம் கேட்டுப் போடுங்கள். வாழைச்சேனை, ஏறாவூர், வந்தாறுமூலைப் பக்கம் எண்பது தாண்டிய பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தகப்பன் சொன்ன கதை ஞாபகம் இருக்கும். ஆனால் கனகாலம் இருக்காது. அம்மப்பாவின் அடையாள அட்டைப் படம் ஒன்று என்னிடம் உண்டு, ஒரு மூலை கறையான் தின்றுவிட்டது, முகம் தெளிவு. நீங்கள் சரி என்றால் அடுத்த கிழமையே கொண்டுவந்து தருகிறேன். தபாலில் போட மனம் வரவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புகையிரத ஊழியன்,
ஏறாவூர்.