மகளிர் பணியாளர் சங்கம்: 2025ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் சங்கத் தோழியர் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நம் கூட்டங்களில் அதிகம் பேசப்பட்டது, மே 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. தருமபுரி மாவட்ட அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர், மறுமணத்துக்குப் பின் பிறந்த குழந்தைக்காக மகப்பேறு விடுப்பு கேட்டார். முதல் திருமணத்தில் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்களே, விதியில் இடமில்லை என்று கல்வித்துறை மறுத்துவிட்டது. அந்த இருவரும் அவர் அரசு வேலைக்கு வருமுன் பிறந்தவர்கள், தந்தையிடம் வளர்பவர்கள். உயர் நீதிமன்றத்தில் தனி நீதிபதி விடுப்பு தரச் சொன்னார். மேல்முறையீட்டில் அது ரத்தானது. நீதிபதிகள் அபய் ஓகா, உஜ்ஜல் புயான் அமர்வுதான் கடைசியில் அவருக்கு நியாயம் வழங்கியது. மகப்பேறு விடுப்பு பெண்ணின் இனப்பெருக்க உரிமையில் அடங்கியது என்று அத்தீர்ப்பு தெளிவாகச் சொல்கிறது.

'மூணாவதுக்கு லீவே கிடையாது' என்று மேலாளர்கள் சொல்லிச் சொல்லி நம்மில் பலரும் அதையே சட்டம் என்று நம்பியிருந்தோம். மகப்பேறு பயன் சட்டத்தின் 2017 திருத்தத்தின்படி முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் விடுப்பு, அதற்கு மேல் 12 வாரம். நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தபோதும் இந்தக் கணக்கு மாறவில்லை. இதைத் துண்டறிக்கையாக அச்சடித்து ஷிப்டு முடியும் நேரத்தில் வாசல்களில் கொடுத்தோம்.

அப்புறம், மனதை மிகவும் வருத்திய ஒரு விஷயம். கருச்சிதைவுக்கு 6 வாரம் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஒரு பின்னலாடை நிறுவனத்தில் நம் உறுப்பினர் ஒருவர் அதைக் கேட்டு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தார். சூப்பர்வைசர் அதை வருகைப் பதிவேட்டிலேயே பின் அடித்து வைத்துவிட்டார். கையெழுத்துப் போட வந்தவர்கள் எல்லோரும் படித்தார்கள். திரும்பி வந்த அந்தத் தங்கையிடம் லைனில் நின்றபடியே விசாரித்தார்கள். விடுப்பு கிடைத்தது, மானம் போனது என்று அவர் அழுதார். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் புட்டசாமி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்னார்கள். குழந்தை பெறுவதும் பெறாமலிருப்பதும் அதில் சேரும். தலைவரும் நானும் நிர்வாகத்தைச் சந்தித்து இதை எடுத்துச் சொன்னோம். இப்போது அங்கே சான்றிதழை ஒட்டிய உறையில், நேராக மனிதவளப் பிரிவில்தான் கொடுக்கிறார்கள். மற்ற நிறுவனங்களிலும் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.

பாலியல் தொல்லை பற்றி ஒரு நினைவூட்டல்: பத்துப் பேருக்குக் குறைவான கடைகளில் வேலை செய்பவர்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் கொடுக்கலாம். மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுங்கள். புகார் சொன்னவரின் பெயரை வெளியிடக் கூடாது என்பதும் சட்டம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் கேட்டு மனு தயாராக இருக்கிறது. கையெழுத்திடாமல் யாரும் கிளம்ப வேண்டாம்.

செயலாளர்