இரவுநேர அந்துப்பூச்சி அவதானிப்பு: பெற்றோருக்கு அதிபரின் கடிதம்

கொழும்பு
2025.07.14

மதிப்பிற்குரிய பெற்றோர், பாதுகாவலர்களுக்கு,

எதிர்வரும் 25ஆம் திகதி வெள்ளிக்கிழமை மாலை 6.30 முதல் 8.30 வரை, தரம் 8, 9 மாணவர்கள் பாடசாலைத் தோட்டத்தில் அந்துப்பூச்சிகளை அவதானிக்க ஒழுங்கு செய்துள்ளோம். பொழுதுபட்ட பின் பிள்ளைகளை நிறுத்திவைப்பது எமது வழக்கமன்று என்பதால், இதற்கு நான் உடன்பட்ட காரணத்தை உங்களுக்குச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

சென்ற ஆண்டு, பிள்ளையார் சிலைக்கு முன்னுள்ள நந்தியாவட்டைச் செடிகளை விரல் பருமனான பச்சைப் புழுக்கள் மொட்டையடித்தபோது, பூசைக்குப் பூ இல்லாமற் போகுமே என்று மருந்தடிக்கச் சொன்னது நானே. இவ்வாண்டு மே மாதக் காலையொன்றில், விறாந்தைச் சுவரில் மின்குமிழுக்குக் கீழே ஒட்டியிருந்த ஒன்றைத் தும்புத்தடியால் தட்டிவிட முனைந்த ஊழியரைத் தரம் 9 மாணவி ஒருத்தி தடுத்து, என்னையும் கூட்டிவந்து காட்டினாள். கரும்பச்சையும் வெளிர்பச்சையும் இளஞ்சிவப்பும் அலையலையாக ஓடிய இறக்கைகளை விரித்தபடி அது அசையாமல் இருந்தது. நான் அழிக்கச் சொன்ன புழுக்கள் வளர்ந்தால் இப்படித்தான் இருக்கும் என்று அவள் சொன்னபோது, எனக்குப் பதில் வரவில்லை.

அவளுடைய வேண்டுகோளின் பேரிலேயே, நகரின் பூச்சிகளையும் பிற உயிரினங்களையும் பொதுமக்களின் உதவியோடு பதிவுசெய்துவரும் சிறிய, இலாப நோக்கற்ற தன்னார்வக் குழுவொன்றை அழைத்தோம். அமெரிக்காவின் நியூ ஜேர்சியில் இதைப் போன்ற ஒரு சிறு அமைப்பு 2012இல் தொடங்கிய ‘தேசிய அந்துப்பூச்சி வாரம்’ இன்று பல நாடுகளில் ஜூலை இறுதியில் நடைபெறுகிறது. எமது நிகழ்வும் அதே வாரத்தில் அமைகிறது. நிலவொளியில் பூச்சிகள் விளக்கை நாடி வருவது குறைவு. ஆகவே இருண்ட இரவு வேண்டும். ஆடி அமாவாசை விரதம் வியாழக்கிழமை என்பதால், மறுநாளைத் தெரிந்தோம்.

உலகில் இதுவரை பெயரிடப்பட்ட அந்துப்பூச்சி இனங்கள் ஏறத்தாழ 1,60,000. வண்ணத்துப்பூச்சிகளோ அதில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்குதான். வௌவால்களுக்கு இரையாகவும் இரவில் மலரும் பூக்களுக்கு மகரந்தம் காவுவனவாகவும் இருக்கும் இவற்றை, நாம் வீட்டில் விளக்குமாற்றால் தள்ளிவிடுகிறோம். 1880களில் வெளியான இலங்கைப் பூச்சிகள் பற்றிய பெருநூலுக்குப் படங்களை வரைந்தவர்கள் டி அல்விஸ் குடும்பத்தினர், இந்நாட்டவர்கள். அந்தக் கூர்மையான பார்வை எமது பிள்ளைகளுக்கும் வாய்க்க வேண்டும் என்பது என் ஆசை.

வெள்ளைத் துணியொன்றைக் கட்டி, அதன்முன் புறஊதா மின்குமிழை எரியவிடுவார்கள். பிள்ளைகள் அதை நேரே பார்க்காதபடி ஆசிரியர்கள் கவனித்துக்கொள்வர். வந்தமரும் பூச்சிகளைப் பிடிக்கவோ கொல்லவோ மாட்டோம். படமெடுத்து, நேரத்தையும் இடத்தையும் குறித்து, உயிரின அவதானிப்புகளை எவரும் பகிரக்கூடிய ஐநேச்சுரலிஸ்ட் என்ற இணையத்தளத்தில் பாடசாலையின் பெயரில் பதிவேற்றுவோம். எந்தப் பிள்ளையின் பெயரோ முகமோ அதில் இடம்பெறாது. ஒரு பூச்சிகூட வராத அரைமணி நேரத்தையும் ‘வரவில்லை’ என்றே எழுத வேண்டுமெனக் குழுவினர் வற்புறுத்தியது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கண்டதை மட்டும் எழுதும் பழக்கத்தைப் பரீட்சைத் தாளால் கற்பிக்க முடிவதில்லை.

துணியில் வந்தமரும் அந்துப்பூச்சிகளால் பிள்ளைகளுக்கு ஆபத்தில்லை. மயிர்க்கொட்டிகளை மட்டும் தொடக்கூடாது, அவற்றின் மயிர் பட்டால் தோல் கடிக்கும். டெங்கு அபாயம் இருப்பதால் நீண்ட கைச்சட்டையும் காற்சட்டையும் அணிவித்து, நுளம்புக் களிம்பை வீட்டிலேயே பூசி அனுப்புங்கள். மஃரிப் தொழுகைக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டுள்ளது. கட்டணம் எதுவுமில்லை. கடும் மழையானால் நிகழ்வு வேறொரு நாளுக்கு மாற்றப்படும்.

இணைத்துள்ள சம்மதப் படிவத்தைக் கையொப்பமிட்டு 21ஆம் திகதி திங்கட்கிழமைக்கு முன் வகுப்பாசிரியரிடம் கையளிக்கவும். கையொப்பம் கிடைக்காத பிள்ளைகளை மாலையில் நிறுத்தமாட்டோம். கூட்டிச்செல்ல வருவோர் சற்று முன்னதாக, எட்டு மணிக்கே வந்தால், துணியருகில் நின்று உங்கள் பிள்ளை எழுதிய பட்டியலையும் பார்க்கலாம்.

இங்ஙனம்,
அதிபர்