படி செங்குத்துன்னு முன்னாடியே சொல்லக் கூடாதா?

ஆசிரியருக்கு வணக்கம்,

போன மாசம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு மலேசியாவுல பினாங்கு போயிருந்தேன், ஜார்ஜ் டவுன்ல குயின் தெரு பக்கம் ஒரு சின்ன கெஸ்ட் ஹவுஸ். 1833ல கட்டுன மகாமாரியம்மன் கோயில் அங்கேருந்து நடக்குற தூரம்ங்கிறதாலதான் அதை புக் பண்ணேன். 2008லயே யுனெஸ்கோ பாரம்பரிய நகரம்னு அறிவிச்ச ஊரு, அதனால கீழ கடை, மாடியில வீடுன்னு இருந்த பழைய கடைவீடுகளைத்தான் நிறைய பேர் தங்குற இடமா மாத்திருக்காங்க. முகப்பு குறுகல், உள்ளே ரயில் பெட்டி மாதிரி நீளம், நடுவுல நம்ம முற்றம் மாதிரி வெளிச்சத்துக்குத் திறந்த இடம், பாக்கவே அவ்வளவு அழகு. ஆனா ரூம் மாடியில, மரப்படி ஏணி மாதிரி நிக்குது, முட்டிவலிக்காரங்க எப்படி ஏறுவாங்க? படத்துல படியே இல்லை. கவுன்டர்ல வேற வெளிநாட்டுக்காரங்களுக்கு ஒரு ரூமுக்கு ஒரு ராத்திரிக்கு 10 ரிங்கிட் டூரிஸம் வரின்னு கேட்டாங்க, அது அரசாங்க வரிதான், கட்டிட்டேன், ஆனா புக் பண்ணும்போதே சொல்லிருக்கலாம்ல.

அம்மா படியப் பாத்து தயங்கி நின்னதைக் கவனிச்ச அந்த வீட்டுச் சீன அம்மா, பாஷை தெரியாட்டியும் கையைப் புடிச்சு கூட்டிப்போய் கீழ தான் படுக்குற ரூமையே குடுத்துட்டாங்க, காலையில சுடுதண்ணியும் கொண்டாந்து வச்சாங்க. மாட்டுங்கா வந்தும் அம்மா அவங்களப் பத்தியேதான் பேசுறாங்க.

உங்க சுற்றுலாப் பக்கத்துல வெளிநாட்டு ஊரைப் பத்தி எழுதுறப்ப லிஃப்ட் இருக்கா, பாத்ரூம் தனியா பொதுவா, வரி எவ்வளவுன்னு தயவுசெஞ்சு ரெண்டு வரி சேத்துப் போடுங்க.

ஒரு வாசகி,
மாட்டுங்கா, மும்பை